விற்பவர்: பஞ்சாட்சரம், பெருநகர்

பெருநகர் கிராமத்தில் வருமானவரிக் கணக்கு கொடுப்பவர்களை எண்ணினால் ஒரு கை விரல்களில் மிச்சம் இருக்கும். அதில் முதல் விரல் பஞ்சாட்சரம். மற்றவர்களை அவர் விரலாகவே மதிப்பதில்லை.

உத்திரமேரூர் தாலுகா அலுவலகத்தில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலவரிக் கிஸ்தி கட்டாதவன் வாசலில் ஜீப்பை நிறுத்தி, அவன் வெளியே வரும் வரை ஹாரன் அடிக்கச் சொன்னவர். ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஜூலையிலும், கஞ்சி போட்ட வேட்டியில், மானாம்பதி வழிப் பேருந்தைப் பிடித்து உத்திரமேரூர் பஜாருக்குப் போவார். அங்கே கோபாலின் கணக்கு அலுவலகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து கணக்கு கொடுத்துவிட்டு வருவார். வரி என்று ஒன்றும் வராது. வராவிட்டாலும் கொடுப்பார். அரசாங்கத்துக்கு ஒளிக்க எதுவுமில்லாத ஆள் என்று எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒப்புகைத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் இறங்குவார். அப்போது எதிரில் வரும் உரக்கடைக்காரனையும் செங்கல் சூளைக்காரனையும் அவர் பார்க்கும் பார்வை, பிறத்தியார் மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போகிறவனைப் பார்ப்பதுபோல இருக்கும்.

"இவனுங்க நடக்கிற ரோடு எவன் காசு? நான் கொடுத்த கணக்கு" என்பார். வரியே கட்டாமல் கணக்கு மட்டும் கொடுத்து எப்படி ரோடு போட முடியும் என்று அவரைக் கேட்கும் துணிச்சல் ஊரில் யாருக்கும் கிடையாது.

டிசம்பர் பாதியில் ஒரு காலை, நாஷ்டாவை முடித்துக் கை கழுவும்போது அவர் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். நீங்கள் கொடுத்த வருமானக் கணக்கும் துறையிடம் உள்ள தகவலும் ஒத்துப் போகவில்லை. சரிபார்த்து, தேவையானால் மாதக் கடைசிக்குள் திருத்திய கணக்கு கொடுங்கள் என்று சொல்லியது.

"திருட்டுப் பசங்க" என்றார் பஞ்சாட்சரம்.

"யாரு?" என்றாள் மனைவி தாயாரம்மாள்.

"எவனோ பீகார்ல குந்திகினு எனக்கு மெசேஜ் வுடறான். என் கணக்குல தப்பாம். வேற ஆளு கிடைக்கல அவனுக்கு."

கைபேசியை அணைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினார். மத்தியானம் எடுத்து ஆன் செய்தபோது கோபாலே கூப்பிட்டான். "சார், மெயில்லயும் வந்துகீது. இது ஒரிஜினல்தான். நீங்க ஒரு நடை வாங்க" என்றான்.

மறுநாள் போனார். குற்றம் சாட்டப்பட்டவனைப்போலப் போகவில்லை. தணிக்கைக்கு வருகிற அதிகாரியைப்போலப் போனார்.

கோபாலின் அலுவலகம் ஒரு விதைக்கடைக்கு மேல் மாடியில். ஒரு மேசை, ஒரு கணினி, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்த நாற்காலிகளில் ஒன்றில் சேட்டு உட்கார்ந்திருந்தான். பெருநகரில் உரக்கடை வைத்திருப்பவன். பஞ்சாட்சரத்துக்குப் பங்காளி முறை, வயதில் சின்னவன். இதுவரை அரசாங்கத்திடம் ஒரு ரூபாய் சம்பாதித்ததாகச் சொன்னவன் இல்லை. இப்போது கார் வாங்க வங்கி கடன் தரவேண்டுமானால் கணக்கு கேட்கிறதாம். அதனால் திடீரென்று வருமானம் உள்ளவனாகிவிடத் தீர்மானித்து வந்திருந்தான். அவனைப் பார்த்ததும் பஞ்சாட்சரத்துக்கு வாயில் வேப்பங்காய் கடித்ததுபோல் ஆயிற்று. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

"சார், நீங்க எதனா விக்கிறீங்களா?" என்று கேட்டான் கோபால்.

"நெல்லு. கொள்முதல் நிலையத்துல போட்டேன். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. அது உனக்குத் தெரியாதா?"

"நெல்லு இல்ல சார். ஆன்லைன்ல."

"ஆன்லைன்ல எவன்யா நெல்லு வாங்குவான்?"

"துணி சார்." கோபால் குரலைத் தாழ்த்தினான். அந்த அறையில் குரலைத் தாழ்த்துவதற்கு அர்த்தமே இல்லை. "நைட்டி."

சேட்டு கையிலிருந்த வங்கிப் புத்தகத்தை மூடினான்.

"இன்னாது?" என்றார் பஞ்சாட்சரம்.

கோபால் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினான். ஆன்லைனில் விற்கும் கம்பெனி, யார் எவ்வளவு விற்றார்கள் என்று துறைக்குச் சொல்லியாக வேண்டும். விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் பிடித்து, விற்றவர் பான் எண்ணில் கட்டியும் விடவேண்டும். அப்படிக் கட்டியிருக்கிறது. யார் பெயரில்? பஞ்சாட்சரம், தகப்பனார் பெயர், பெருநகர், பிறந்த தேதி எல்லாம் சரியாக இருந்தன. தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பதால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்று அதற்கு ஒரு தனி எண்ணும் அவர் பான் அட்டையை வைத்தே எடுத்திருந்தார்கள்.

"மார்ச்சோட முடிஞ்ச ஒரே வருசத்துல எட்டு லட்சத்துக்கு மேல வித்துகீறீங்க சார்" என்றான் கோபால். அவன் குரலில் கொஞ்சம் மரியாதைகூடத் தெரிந்தது. அதுதான் பஞ்சாட்சரத்துக்குப் பொறுக்கவில்லை.

"எவனோ என் பேரைத் திருடிட்டான். போலீஸ்ல எழுதிக் கொடுக்கறேன்."

"இருண்ணா, பாத்துடலாம்" என்று சேட்டு தன் கைபேசியில் தேய்த்தான். தேடுவதற்கு அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஊதாப்பூப் போட்ட நைட்டியில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். கீழே சின்ன எழுத்தில்: விற்பவர், பஞ்சாட்சரம், பெருநகர். அதற்கும் கீழே வாங்கியவர்களின் கருத்துகள். சேட்டு அதை உரக்கப் படித்தான். பள்ளிக்கூடத்தில்கூட அவன் அவ்வளவு தெளிவாகப் படித்திருக்கமாட்டான்.

"'ஒரே தண்ணியில சாயம் போச்சு. பஞ்சாட்சரத்தை நம்பாதீங்க.' ஒரு ஸ்டாரு. அண்ணா, திண்டிவனத்துலேர்ந்து ஒரு பொம்பள எழுதிக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தோ, இன்னொண்ணு கீது. 'பாக்கெட் இல்லாத நைட்டி. விற்றவருக்கு மனசாட்சி இல்லை.'"

கிஸ்தி வசூலித்த காலத்தில் அவரை ஊர் என்னென்னவோ சொல்லியிருக்கிறது. கல் மனசு என்றது, காக்கி போடாத போலீஸ் என்றது. அதையெல்லாம் அவர் பதக்கமாக எடுத்துக்கொண்டார். நைட்டியில் பை வைக்காத பாவி என்று யாரும் சொன்னதில்லை.

"பணம் போற பேங்க் அக்கவுண்ட்டும் உங்க பேர்லதான் சார்" என்றான் கோபால். "நம்ம பஜார்ல கீறதே, அந்தப் பேங்க்."

அந்தக் கணக்கு பஞ்சாட்சரத்துக்கு நினைவிருந்தது. வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து அவரே கையெழுத்துப் போட்டு ஆரம்பித்த கணக்கு.

அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கோபால் மெதுவாக ஆரம்பித்தான். "ரெண்டு வழி கீது சார். தகவல் சரின்னு ஒத்துகினு, கணக்கைத் திருத்திக் கொடுக்கலாம். இல்லன்னா, இது என்னுது இல்லன்னு மறுத்துப் போடலாம். மறுத்தா கம்பெனியாண்ட கேப்பாங்க. கம்பெனி உங்க பான், ஆதார் எல்லாத்தையும் எடுத்து நீட்டும்."

"அப்பால?"

"அப்பால, உங்க கார்டை வெச்சி யார் வித்ததுன்னு வரும்."

"இதுல இன்னா கீது?" என்று சேட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். உர மூட்டைக்கு ரசீது கேட்பவனைச் சமாதானப்படுத்தும் அதே குரல். "மருமவ தெரியாம கார்டை எடுத்துட்டான்னு எய்திக் குடுத்துடுண்ணா. பொம்பளப் புள்ளைய எவன் இன்னா பண்ணப் போறான்? உன் பேரு தப்பிச்சிடும். நீ கணக்கு குடுக்கிற பெரிய மனுசன் இல்ல?"

பஞ்சாட்சரம் எழுந்தார். சேட்டுவைப் பார்க்காமல், அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்து, "சொல்றேன்" என்று கோபாலிடம் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினார்.

பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. ஏரிக்கரை முழுவதும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் பெரியவர் பெயரில் இருக்கவேண்டும். மின் இணைப்பு, கேஸ், குடிநீர்க் குழாய், மகன் ஓட்டும் மோட்டார் சைக்கிள், மாவு அரைக்கும் கிரைண்டரின் உத்தரவாத அட்டை, மருமகள் பேசும் கைபேசியின் சிம் வரை எல்லாவற்றுக்கும் பஞ்சாட்சரம்தான். அதற்கு முன் எல்லாம் அவர் தகப்பனார் பெயரில் இருந்தது. வீட்டுக்கு ஒரு பெயர் போதும். ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ள இது என்ன லாட்ஜா என்பார்.

அதனால்தான், போன வருடம் சித்திரையில் மகன் மோகன்குமார் தயங்கிக்கொண்டே வந்து, ஒரகடம் கம்பெனியில் ஓவர்டைம் நின்றுவிட்டது, இளவரசி வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஏதாவது விற்கலாம் என்கிறாள், அவள் பான் அட்டையை வைத்து ஆரம்பிக்கிறோம் நைனா என்றபோது, பஞ்சாட்சரம் கேட்டது ஒரே கேள்வி.

"விக்கிறவங்க பேர் அதுல தெரியுமா?"

"தெரியும் நைனா."

"என் மருமவ பேரை ஊர்ல கீறவன்லாம் கக்கூஸ்ல குந்திகினு போன்ல தேய்ச்சிப் பாக்கணுமா? என் பேரைப் போடு."

என்ன விற்கப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் அதில் தனக்கும் ஒரு அக்கறை இருப்பதாக ஆகிவிடும். பான் அட்டையை எடுத்துக் கொடுத்தார், வங்கிக்கும் வந்தார், கையெழுத்துப் போட்டார், அன்றோடு மறந்தார். அப்புறம் சென்னையிலிருந்து சாக்கு மூட்டைகள் வந்து கூடத்தில் இறங்கின. அவற்றை அவர் கூடியவரை நைட்டி என்று சொல்லமாட்டார். "அந்த மூட்டைய உள்ள இஸ்த்துப் போடு, ஆளு வருது" என்பார். கூரியர்க்காரன் வாசலில் நின்று "பஞ்சாட்சரம்!" என்று மொட்டையாகக் கூப்பிட்டபோது, மரியாதை தெரியாத பயல் என்று அவனைத் திட்டியதோடு சரி. அவன் சீட்டில் இருந்ததைத்தான் படித்தான்.

ஆக, எவனும் திருடவில்லை. மருமகள் பெயரைக் காப்பாற்றப்போய்த் தன் பெயரை நைட்டியில் குத்திக்கொண்டவர் அவரேதான். இதை நினைத்தபோது அவருக்கு வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்தக் கம்பெனிகள்மேல் எரிச்சல், பொம்பளைகளை வீட்டில் சும்மா இருக்க விடாத இந்தக் காலத்தின்மேல் எரிச்சல், எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் திண்டிவனத்துக்காரிமேல். சாயம் போனால் உப்புத் தண்ணீரில் ஊறவைக்கத் தெரியாதா அவளுக்கு?

வீட்டு வாசலுக்கு வரும்போதே தாயாரம்மாள் சொன்னாள்: "சேட்டு பொண்டாட்டி போன் பண்ணா. உங்க பஸ்ஸு மானாம்பதி தாண்டறதுக்குள்ள சேதி வந்துடுச்சி. புது டிசைன் இன்னா கீதுன்னு கேக்கறா."

"நீ இன்னா சொன்ன?"

"ஐயா வந்து காட்டுவாருன்னு சொன்னேன்."

அவர் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனார். கூடத்தில் இளவரசி தரையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்ன அச்சு இயந்திரம் ஒன்று சீட்டுகளைத் துப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் அவர் பெயர். உள் அறையில் மோகன்குமார் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வீட்டில் கூரை இடிந்தாலும் தூங்கக்கூடிய பிள்ளை. அவனை எழுப்பி என்ன ஆகப் போகிறது என்று பஞ்சாட்சரம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"இளவரசி."

அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். அவள் நாடாவைக் கடித்து அறுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எட்டு லட்சம் வித்துகீற. சர்க்காருக்குச் சொல்லணும்னு தெரியாதா? விக்க மட்டும் தெரியுமா? ஊரெல்லாம் ஒளிக்கிறான்னு நான் காறித் துப்பிகினு கீறேன், என் வூட்டுக்குள்ளயே ஒளிச்சி வெச்சிகீற."

"நான் ஒளிக்கல மாமா" என்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை. "ஜூலையில நீங்க கணக்கு கொடுக்கப் போற அன்னிக்கு வந்து நின்னேன். ஆன்லைன்ல வித்ததையும் சேத்துச் சொல்லணுமாம், கம்பெனிலேர்ந்து பேப்பர் அனுப்பிக்கிறாங்கன்னு சொன்னேன். நைட்டிக்குக் கணக்கா, வருமானவரி ஆபீஸ் இன்னா நீங்க துணி காயப்போடற கொடியான்னு கேட்டீங்க."

"கேட்டாரு" என்றாள் தாயாரம்மாள் சமையலறையிலிருந்து. "நான் கூட சிரிச்சேன்."

அவருக்கும் நினைவு வந்தது. நல்ல வாக்கியம் என்று அன்று பேருந்தில் போகும்போது தனக்குள் மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியம் அது.

"என் பேர்ல போட்டிருந்தா நானே போய் கொடுத்திருப்பேன்" என்றாள் இளவரசி. "உங்க பேர்ல கீறதை நான் எப்படி மாமா கொடுக்கறது?" பிறகு நெஞ்சில் இருந்ததைக் கேட்டாள். "நான் கார்டைத் திருடிட்டேன்னு எய்திக் குடுக்கப் போறீங்களாமே? சேட்டு வூட்டம்மா சொல்லிச்சி. அப்டி எய்தினீங்கன்னா, புள்ளைய இட்டுகினு மாகறலுக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். திருடின்னு பேர் வாங்கிகினு இந்த வூட்ல குந்தி சோறு துன்ன மாட்டேன்."

சேட்டு சொன்னதை அவர் ஒரு கணம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. தன் வீட்டில், தன் மருமகள், தன்னை அந்த உரக்கடைக்காரன் தராசில் வைத்து நிறுத்துவிட்டாள்.

"பஞ்சாட்சரம் பொய்யெழுதி கையெழுத்துப் போடுவான்னு நெனச்சியா?" குரல் வாசல் வரை போனது. உள் அறையில் மோகன்குமார் புரண்டு படுத்தான். "இந்தக் கை இதுவரைக்கும் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்ல."

இளவரசி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். குரலில் வம்பு இல்லை, விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"ஜூலையில போட்டீங்களே மாமா."

அச்சு இயந்திரம் இன்னொரு சீட்டைத் தள்ளிவிட்டு நின்றது. சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றது. தாயாரம்மாள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள் என்று அர்த்தம்.

மேலே காட்டிய வருமானம் முழுமையானது, உண்மையானது, எதையும் மறைக்கவில்லை என்று அந்தக் கணக்குப் படிவத்தின் அடியில் ஒரு வரி உண்டு. ஒவ்வொரு ஜூலையிலும் அவர் அந்த வரியை இரண்டு முறை படித்த பிறகுதான் சரி என்பார். இந்த ஜூலையிலும் படித்தார். சட்டைப் பையில் நான்காக மடித்துக்கொண்டு வந்து செங்கல் சூளைக்காரனை முறைத்ததும் அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான்.

அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, "பசிக்கல" என்றார். தாயாரம்மாள் இரண்டாவது முறை கூப்பிடவில்லை. "பசிச்சா வருவாரு. கணக்கு கொடுக்கிறவரு, வயித்துக்கும் கணக்கு தெரியும்" என்று மருமகளிடம் சொன்னது கதவைத் தாண்டிக் கேட்டது.

காலையில் அவர் கஞ்சி போட்ட வேட்டியோடு கூடத்துக்கு வந்து நின்றார்.

"உன்னாண்ட கீற பில்லு, பேப்பர் எல்லாத்தையும் எடுத்துக்க. உத்திரமேரூர் போறோம்."

"நானுமா மாமா?"

"பின்ன? எந்த நைட்டி எவ்வளவுன்னு நானா சொல்லுவேன்?"

மாடியில் கோபால் இவர்களைப் பார்த்து இரண்டு நாற்காலிகளைத் துடைத்தான். சேட்டுவும் இருந்தான், தாள்கள் இன்னும் தயாராகவில்லை என்றான். தாள் தயாராக இருந்திருந்தாலும் அன்று அவன் வந்திருப்பான். இவர்களுக்கு முன்னால் ஒரு ஆசிரியர், ஒரு பால் சொசைட்டி எழுத்தர், நிலப் பத்திரத்துக்காக வந்த ஒரு தம்பதி. பஞ்சாட்சரம் முறை வரும் வரை, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார்.

"மறுத்துடலாமா சார், இல்ல..." என்று ஆரம்பித்தான் கோபால்.

"தகவல் சரின்னு போடு."

கோபால் தட்டினான். பிறகு, பழைய படிவம் ஓய்வூதியக்காரர்களுக்கானது, வியாபாரம் இருந்தால் அது செல்லாது, வேறு படிவம் போடவேண்டும் என்று விளக்கினான். அதில் தொழிலைக் குறிப்பிடவேண்டும். அவன் மறுபடியும் குரலைத் தாழ்த்தி, "பொதுவா, சில்லறை வியாபாரம்னு போட்டுக்கலாம் சார்" என்றான், உதவி செய்கிறவனைப்போல.

"எதுக்குய்யா முணுமுணுக்கிற? நைட்டி. நைட்டி விக்கிறேன்" என்றார் பஞ்சாட்சரம். தாலுகா கச்சேரியில் சர்வே எண் வாசிக்கும் குரல் அது. விதைக்கடை வரை கேட்டிருக்கும். நிலப் பத்திரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவர்களைத் திருப்பிப் பார்த்தார். அவர்கள் பத்திரத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு கேள்விகள் எல்லாம் அவரிடம் கேட்கப்பட்டன. பதில்கள் எல்லாம் இளவரசியிடமிருந்து வந்தன. கம்பெனி சொன்ன தொகையில் திரும்பி வந்த உருப்படிகள் கழிந்திருக்கின்றனவா? பாதிதான் கழித்திருக்கிறார்கள், மீதிக்கு இதோ சீட்டு. மார்ச் கடைசியில் சரக்கு இருப்பு? கடைக்காரர்களுக்குத் தரவேண்டிய பாக்கி? அவள் கைபேசியைத் தேய்த்துத் தேய்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். தனக்குச் சொந்தமான வியாபாரத்தைப் பற்றிப் பஞ்சாட்சரம் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டார். கேட்டதில் அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. சாயம் போன கட்டு ஒன்றை மொத்தக் கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டான் என்று அவள் சொன்னபோது மட்டும், "எவன் அவன்?" என்றார்.

"எல்லாம் சேத்தாச்சி சார்" என்றான் கோபால் கடைசியில். "வரி ஒண்ணும் வரல. கம்பெனி பிடிச்சி கட்டினதுகூட உங்களுக்குத் திரும்பி வரும்."

சேட்டுவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "வரியே இல்லியா? அண்ணா, வராத வரிக்கா வந்து எல்லார் முன்னாடியும் நைட்டிக்காரன்னு கத்தின? கம்முனு கீறதுக்கு இன்னா?"

பஞ்சாட்சரம் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு லோன் வேணும்னா சம்பாதிக்கிறவன். வேணாம்னா பிச்சக்காரன். பேங்க்கு வாசல்ல ஒரு ஆளு, தாலுகா ஆபீஸ் வாசல்ல ஒரு ஆளு. நான் எந்த வாசல்லயும் ஒரே ஆளுதான்டா. நைட்டி வித்தாலும் ஒரே ஆளு."

"ஜூலையில..." என்று சேட்டு வாயெடுத்தான். அவன் மனைவிக்கு அதுவும் போய்ச் சேர்ந்திருக்கிறது, தாயாரம்மாளின் வேலை.

"ஜூலையில தப்பா கொடுத்தேன். அதத்தான் இப்ப திருத்திகினு கீறேன். உன்னுத எந்த ஜூலையில திருத்துவ? முதல்ல ஒண்ணு குடுத்தாத்தானே திருத்தறதுக்கு?"

பால் சொசைட்டி எழுத்தர் இருமுவதுபோலச் சிரித்தார். சேட்டு வங்கிப் புத்தகத்தைத் திறந்து, அதில் ஏதோ புதிதாக எழுதியிருப்பதுபோல் உற்றுப் பார்க்கத் தொடங்கினான்.

உறுதி செய்வதற்கான எண் பஞ்சாட்சரத்தின் கைபேசிக்கு வந்தது. கோபால் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. படிவத்தின் அடியில் இருந்த அந்த வரியைத் திரையில் காட்டச் சொன்னார். முழுமையானது, உண்மையானது. இரண்டு முறை படித்தார். பிறகு இளவரசி பக்கம் திரும்பினார்.

"எல்லாம் வந்துடுச்சா? உன் அலமாரி சந்துல எதனா சொருகி வெச்சிகீறியா?"

"இல்ல மாமா. எல்லாம் வந்துடுச்சி."

எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

கோபால் ஒப்புகைத் தாளை அச்செடுத்து நீட்டும்போது, அடுத்த வருடத்துக்கு என்ன செய்வது என்று கேட்டான். "இப்டியே உங்க பேர்லயே போகட்டுமா சார்?"

பஞ்சாட்சரம் பதில் சொல்வதற்குள் இளவரசி சொல்லிவிட்டாள். "வேணாம். என் பான்ல மாத்திடலாம்ணா. புதுசா ரெஜிஸ்டர் பண்ணிக்கறேன்."

"ஏன், என் பேருக்கு இன்னா கேடு?" என்றார் அவர்.

"வாங்கினவங்க எதனா கேக்கணும்னா உங்க நம்பருக்குத்தான் மாமா போன் வருது. நீங்க ராங் நம்பர்னு திட்டிட்டு வெச்சிடறீங்க. செங்கல்பட்டுலேர்ந்து ஒரு அம்மா சைஸ் மாத்திக் கேட்டுச்சாம். வயசான காலத்துல இன்னா நைட்டி உனக்குன்னு கேட்டீங்களாமே."

கோபால் கணினித் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

பஞ்சாட்சரம் தாளை வாங்கினார். தகப்பனார் காலத்திலிருந்து அந்த வீட்டில் இரண்டாவது பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறியதில்லை. அவள் பெயரை ஏற்றினால் அது நாளைக்கு எந்தத் திண்டிவனத்துக்காரி வாயிலும் விழும். அவர் பெயரிலேயே விட்டால் அவருக்குத் தெரியாத கணக்குக்கு அவர் மறுபடியும் ஒவ்வொரு ஜூலையிலும் உண்மை என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டையும் நிறுத்துப் பார்க்க அவருக்கு வெகு நேரம் பிடிக்கவில்லை. அடுத்தவன் கணக்குக்குக் கையெழுத்துப் போடுகிறவனை அவர் உத்தியோகத்தில் இருந்தபோதே மதித்ததில்லை.

"மாத்து" என்றார் கோபாலிடம். "அந்தப் பேங்க் அக்கவுண்ட்டையும் மூடறதுக்கு எய்து. கையெழுத்துப் போடறேன்."

பேருந்து நிலையத்தில் வெயில் ஏறியிருந்தது. இளவரசி பில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள். அவர் பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இனிமே உன் பேரு, உன் கணக்கு. ஜூலையில நீயே வந்து குடுக்கணும். எதனா ஒளிச்சன்னு தெரிஞ்சிது, உன்னை நான் மதிக்கவே மாட்டேன்."

"இப்ப மட்டும் மதிக்கிறீங்களா மாமா?" என்றாள் இளவரசி.

மானாம்பதி வழிப் பேருந்து வந்து நின்றது.

"ஏறு" என்றார்.